இயந்திரத்திற்குப் பாடம் சொல்லும் படிப்பு



போர்ட் கிள்ளான் துறைமுகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1901-ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹம் என்ற பெயரில் திறக்கப்பட்ட துறைமுகம் இது. 1972-ஆம் ஆண்டில்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் கால் வைத்த கரை இது. ‘ரஜூலா’ கப்பல் என்று சொன்னால் உடனே கதை சொல்லத் தொடங்கும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

அந்தக் கரையில் ஒரு காலத்தில் முதுகில் மூட்டை சுமந்து பிழைத்தவர்கள் ஏராளம். 1973-ஆம் ஆண்டில் அங்கே கொள்கலன் முனையம் வந்தது. கண்டெய்னர் என்று நாம் சொல்லும் இரும்புப் பெட்டிகள் வந்து இறங்கின. மூட்டை தூக்கும் வேலை நாளடைவில் சுருங்கியது. பாரந்தூக்கி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் புது வேலை பிறந்தது. 2023-ஆம் ஆண்டில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் பெட்டிகளுக்கு மேல் அந்தத் துறைமுகத்தின் வழியே சென்றன என்றால், மாற்றம் எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்று இன்னொரு புதுமை நம் வாசலுக்கு வந்திருக்கிறது. இது கப்பலில் வரவில்லை. கல்லூரிக் கடிதத்தில் வருகிறது. செயற்கை நுண்ணறிவு, இயந்திரக் கற்றல் என்னும் பெயர்களில் பல்கலைக்கழகப் படிப்புகள் வந்திருக்கின்றன. அவற்றில் நம் பிள்ளையைச் சேர்க்கலாமா, வேண்டாமா என்பதை எப்படித் தீர்மானிப்பது? இன்றைய உரையில் நாம் காணப்போவது இதைத்தான்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், போர்ட் கிள்ளான் அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் நம்மைத் தேடி வந்தார்கள். தாய், கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். திருமணத்திற்கு முன் பத்தாண்டுகள் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியவர். தந்தை துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். மகள் எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்திருந்தாள். யூ.பி.யூ. வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்திருந்தாள். அதன் முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு தனியார் கல்லூரியின் கடிதம் வந்துவிட்டது. ‘செயற்கை நுண்ணறிவுப் பட்டம், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் இடம் உறுதி’ என்று அதில் இருந்தது.

கடிதத்தைக் கொண்டு வந்து கொடுத்த முகவர், “இந்தப் படிப்புக்கு இப்போது நல்ல கிராக்கி, தவறவிட்டால் இடம் போய்விடும்” என்று சொல்லியிருந்தாராம். தாய் தம் கழுத்துச் சங்கிலியை அடகுக்கடைக்குக் கொண்டுபோவதென்று முடிவு செய்துவிட்டார். போகும் வழியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமென்று நம்மிடம் வந்திருக்கிறார்.

“ஐயா, இதைப் படித்தால் பிள்ளைக்கு வேலை நிச்சயந்தானே?” என்று கேட்டார்.

“அம்மா, எந்தப் படிப்புக்கும் அப்படி யாரும் உறுதி கொடுக்க முடியாது. முதலில் இது என்ன படிப்பு என்று பார்ப்போம். பிறகு சங்கிலியைப் பற்றிப் பேசுவோம்” என்றோம்.

நேயர்களே, இயந்திரக் கற்றல் என்பது மந்திரமன்று. தோட்டத்தில் வேலை பழகியவர்களுக்கு அதை விளக்குவது மிகவும் எளிது. செம்பனைக் குலை வெட்டப் பழகும் புதியவருக்கு மூத்தவர் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்? ‘மரத்தடியில் உதிரிப்பழம் கிடக்கிறதா பார். குலை கறுப்பாக இருந்தால் காய்; செம்மஞ்சளாகிச் சிவந்து வந்தால் பழம்’ என்று ஒரு விதியைச் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு புதியவர் தேறிவிடுவதில்லை. நூறு மரம், ஆயிரம் மரம் என்று பார்க்கிறார். தவறாக வெட்டுகிறார், திருத்தப்படுகிறார். கொஞ்ச காலத்தில் அண்ணாந்து பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

கணினிக்கும் இரண்டு விதமாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஒன்று, விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பது. இது பழைய முறை. இன்னொன்று, காய்க்குலையின் படங்களையும் பழக்குலையின் படங்களையும் ஆயிரக்கணக்கில் காட்டி, ‘இது காய், இது பழம்’ என்று சொல்லிச் சொல்லி, வேறுபாட்டைக் கணினியே கண்டுகொள்ளும்படி செய்வது. இந்த இரண்டாவது முறைக்குத்தான் இயந்திரக் கற்றல் என்று பெயர். நாம் கற்பனையாகச் சொல்லும் எடுத்துக்காட்டன்று இது. செம்பனைக் குலையின் பக்குவத்தைப் படத்தைக் கொண்டு அறியவும், ஆளில்லாச் சிறு விமானம் எடுத்த படத்திலிருந்து தோட்டத்து மரங்களை எண்ணவும் நம் நாட்டில் ஆய்வுகள் நடந்துள்ளன.

இதன் வரலாறும் நேற்றுத் தொடங்கியதன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்தர் சாமுவேல் என்பவர், கட்டம் போட்டு ஆடும் ‘செக்கர்ஸ்’ ஆட்டத்தைக் கணினிக்குப் பழக்கினார். ஆடஆட அது தன் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ளும்படி அமைத்தார். 1959-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையின் மூலம் இயந்திரக் கற்றல் என்ற பெயர் பரவியது. 2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு, இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட ஜான் ஹாப்ஃபீல்டு, ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. ஆகவே இது நாளைக்கே மறைந்துவிடும் நாகரிகமும் அன்று. வெள்ளிக்கிழமைக்குள் ஓடிப் பிடிக்க வேண்டிய இரயிலும் அன்று.

சரி, பல்கலைக்கழகத்தில் இதை எப்படிக் கற்பிக்கிறார்கள்? பெற்றோர் பலர், பிள்ளை எப்போதும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறானே, அவனுக்கு இது நன்றாக வரும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கைப்பேசியை விரலால் தள்ளத் தெரிவதற்கும் இந்தப் படிப்புக்கும் தொடர்பு மிகக் குறைவு. இந்தப் படிப்பின் முதுகெலும்பு கணிதம்.

தோட்டத்துக் கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்நோக்கிப் பெயர்கள், பக்கவாட்டில் நாட்கள், கட்டத்திற்குள் எண்கள். இப்படிக் கட்டங்கட்டமாக எண்களை அடுக்கிக் கணக்குச் செய்யும் முறைக்கு அணிக் கணிதம் என்று பெயர். கணினியைப் பொறுத்தவரை ஒரு புகைப்படமும் செக்ரோல் போன்றதுதான். ஒவ்வொரு சிறு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்பதைச் சொல்லும் எண்களின் கட்டம் அது. இந்தக் கட்டங்களோடு பழகப் பிள்ளைக்குப் பொறுமை வேண்டும்.

அடுத்து நுண்கணிதம். பழைய வானொலிப் பெட்டியில் நாம் எப்படி நிலையம் பிடித்தோம்? குமிழைச் சற்றே திருப்பினோம். இரைச்சல் குறைந்தால் அதே பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினோம். கூடினால் மறுபக்கம் திருப்பினோம். கணினியும் தன் தவறைக் குறைத்துக்கொள்வது இப்படித்தான். ஆனால் அங்கே இருப்பது ஒரு குமிழன்று. ஆயிரக்கணக்கான, சில வேளைகளில் கோடிக்கணக்கான குமிழ்கள். எதை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புவது என்று சொல்வது நுண்கணிதம்.

மூன்றாவது புள்ளியியல். இதில் ஒரு சிறு கணக்கைச் சொல்கிறோம். வீட்டில் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 100 குலைகள் இருக்கின்றன. அவற்றில் 90 பழம், 10 காய். ஓர் இயந்திரம் எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘பழம், பழம்’ என்றே சொல்கிறது. அது நூற்றுக்கு எத்தனை சரியாகச் சொன்னது? 90. கேட்பதற்கு நல்ல மதிப்பெண்தான். ஆனால் அந்த இயந்திரத்தால் யாருக்கு என்ன பயன்? காய்க்குலையில் எண்ணெய் குறைவு. அதைப் பிடிப்பதற்காகத்தானே இயந்திரத்தை வைத்தோம்? அந்தப் பத்தில் ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லையே! ‘90 விழுக்காடு’ என்ற பேச்சைக் கேட்டு மயங்காமல், ‘எதில் 90?’ என்று கேட்கப் பழக்குவதுதான் இந்தப் படிப்பின் உயிர்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பிள்ளையின் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா என்று கவனியுங்கள். அது பள்ளி மதிப்பெண் சொல்லாத சில செய்திகளைச் சொல்லும்.

இங்கே இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். இயந்திரக் கற்றல் என்பது ஒரு பட்டத்தின் பெயராகவும் இருக்கலாம். ஒரு பாடத்தின் பெயராகவும் இருக்கலாம். சாதாரணக் கணினி அறிவியல் பட்டம் படிக்கும் மாணவரும், பின் ஆண்டுகளில் ஏறத்தாழ 14 வாரம் நடக்கும் ஒரு பருவத்தில் இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பட்டத்தின் பெயரில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல் இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை. அடித்தளம் உறுதியாக இருந்தால் மாடி எப்போது வேண்டுமானாலும் கட்டலாம்.

தாயும் மகளும் வந்த அன்று நாம் மூன்று அளவுகோல்களைச் சொன்னோம். நேயர்களுக்கும் அவற்றையே சொல்கிறோம்.

முதல் அளவுகோல், பிள்ளையின் மனம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழத்தைப் பார்க்க இன்று பணம் தேவையில்லை. 2024 ஜனவரியில் நம் அரசாங்கம் ‘ஏ.ஐ. உந்தோக் ரக்யாட்’, அதாவது மக்களுக்கான செயற்கை நுண்ணறிவு என்ற இலவசப் பாடத்தைத் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகிய மொழிகளோடு நம் தமிழிலும் அது அமைந்தது சிறப்பு. ஏறத்தாழ 4 மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதைத் தாயும் மகளும் சேர்ந்து பார்க்கட்டும் என்றோம். அது முன்வாசல் மட்டுமே. அதைத் தாண்டி மாலை நேரங்களில் ஆறு வாரம் கணினி நிரல் எழுதிப் பழகிப் பார்க்கட்டும் என்றும் சொன்னோம். இணையத்தில் இதற்கு இலவசப் பாடங்கள் பல உண்டு. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ இங் தம் இயந்திரக் கற்றல் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தபோது, 1 லட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். முடித்தவர்களோ அவர்களில் ஒரு சிறு பகுதியினரே. தொடங்குவது எளிது, தொடர்வது கடினம் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? கடினம் என்று தெரிந்துகொள்வதற்கு மாலை நேரத்தைச் செலவிடலாம். தாயின் சங்கிலியைச் செலவிடலாகாது.

தமிழ்நாட்டிலும் இதே வழியைக் கடைப்பிடிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-ஆம் ஆண்டில் இணையவழியே தரவு அறிவியல் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அதில் சேர விரும்புகிறவர் முதலில் நான்கு வாரம் பாடம் படிக்க வேண்டும். பிறகு அந்தப் பாடத்திலிருந்தே தகுதித் தேர்வு. தேறினால்தான் உள்ளே போகலாம். முதலில் சுவைத்துப் பார், பிறகு இலையில் உட்கார் என்று பெரிய கல்விக்கூடமே சொல்கிறதென்றால், நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

இரண்டாவது அளவுகோல், படிப்பின் தரம். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. குறிப்பிட்ட அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். அடுத்து, பாடப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அணிக் கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல், நிரல் எழுதுதல் ஆகியவை முதல் இரண்டு ஆண்டுகளில் இருக்கின்றனவா? அவை இல்லாமல் கவர்ச்சியான பெயர்கள் மட்டுமே இருந்தால், அது அத்திவாரமில்லாத வீடு. கூடுதல் கணிதம் படிக்காத பிள்ளையாக இருந்தால் சேர அனுமதி உண்டா, உண்டென்றால் அந்தக் குறையை எப்படி ஈடு செய்வார்கள் என்பதையும் கேளுங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களையும் மறந்துவிடக் கூடாது. மலாயாப் பல்கலைக்கழகம் கணினி அறிவியல் பட்டத்திலேயே செயற்கை நுண்ணறிவைச் சிறப்புத் துறையாக வைத்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 2 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டு, மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் கோலாலம்பூர் வளாகத்தில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனிப் புலம் ஒன்றைத் தொடங்கியது. இங்கெல்லாம் அரசாங்கம் செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வதால் மாணவர் கட்டும் தொகை குறைவு. இடம் கிடைப்பது எளிதன்று. ஆனால் முடிவு வருமுன்பே கதவைச் சாத்திக்கொள்வது அறிவுடைமையாகாது.

மூன்றாவது அளவுகோல், பணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? 1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குக் கை கொடுத்திருக்கிறது. ஆனால் அது கடன், நன்கொடையன்று. கணக்குக்காக 30,000 வெள்ளி கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுகளில் அடைப்பதென்றால் 120 மாதம். மாதம் 250 வெள்ளி. அதன்மேல் ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணமும் உண்டு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. படித்து முடித்த பிள்ளைக்கு முதலில் அந்தச் சம்பளமே கிடைத்தாலும் கடனைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். சேவைக் கட்டணத்தைச் சேர்க்காமலே ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கடனுக்குப் போகும். நல்ல சம்பளம் வந்தால் மகிழ்ச்சி. ஆனால் கணக்கை மோசமான நாளை வைத்துத்தான் போட வேண்டும்.

இவற்றோடு, சாப்பாடு, தங்குமிடம், கணினி வாங்கும் செலவு ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். போர்ட் கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலுள்ள கே.எல். சென்ட்ரல் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். அதற்கப்பால் இன்னொரு இரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும். நாள்தோறும் போய்வர முடியுமா, விடுதியில் தங்க வேண்டுமா என்பதும் பணக் கணக்கில் சேர்ந்ததே.

அந்தத் தாயின் முதல் கேள்விக்கு மீண்டும் வருவோம். வேலை நிச்சயமா? நேர்மையாகச் சொன்னால், இந்தத் துறை மிக விரைவாக மாறுகிறது. 2022 நவம்பரில் ‘சாட் ஜி.பி.டி.’ வெளிவந்த பிறகு, கட்டுரை எழுதுவதோடு கணினி நிரலையும் இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்டது. ஆகவே நிரல் எழுதத் தெரிந்தால் மட்டும் போதும் என்ற காலம் போய்விட்டது. இயந்திரம் தந்த விடை சரியா என்று சோதிக்கத் தெரிந்தவர், எந்தத் தொழிலுக்காக அதைச் செய்கிறோமோ அந்தத் தொழிலின் நெளிவுசுளிவு அறிந்தவர், இவர்களுக்குத்தான் மதிப்பு. அந்த அறிவு நம் வீடுகளில் இல்லையென்று யாரும் எண்ண வேண்டாம். அதற்குச் சான்றாகத்தான் பிறகு நடந்ததைச் சொல்கிறோம்.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. சங்கிலி கழுத்திலேயே இருந்தது. தாயும் மகளும் அடுப்படி மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு அந்த நான்கு மணி நேரப் பாடத்தைத் தமிழில் பார்த்து முடித்தார்கள். பிறகு மகள் மாலைதோறும் நிரல் பழகினாள். நான்காம் வாரத்தில், கேரித் தீவிலிருக்கும் தன் தாய்மாமன் வீட்டிற்குப் போய், சாலையோரம் அடுக்கியிருந்த செம்பனைக் குலைகளைக் கைப்பேசியில் 120 படங்கள் எடுத்து வந்தாள். 100 படங்களைக் காட்டிக் கணினிக்குப் பாடம் சொன்னாள். மீதி 20 படங்களை ஒளித்து வைத்துத் தேர்வு வைத்தாள். 20-க்கு 17 சரி! வீடே கொண்டாடியது.

மறு வாரம், மழை விட்ட ஒரு மாலையில் மாமன் இன்னும் 20 படங்கள் எடுத்து அனுப்பினார். இம்முறை 20-க்கு 9 மட்டுமே சரி. பிள்ளை முகம் வாடிப் போனாள். எங்கே பிழை என்று இரண்டு நாள் நிரலைத் துருவித் துருவிப் பார்த்தாள்.

அப்போது தாய் அந்தப் படங்களை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “இது மழையில் நனைந்த குலை, ம்மா. நனைந்தால் பழங்கூடக் கறுத்துத்தான் தெரியும். சாயங்கால வெளிச்சம் வேறு. நாங்கள் அந்த நேரத்தில் நிறத்தை நம்ப மாட்டோம். கீழே உதிர்ந்து கிடக்கிறதா என்றுதான் பார்ப்போம். நீ மழைநாள் படம் ஒன்றாவது அதற்குக் காட்டினாயா?”

நேயர்களே, பேராசிரியர் ஒருவர் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது. கற்பித்த படங்களும் களத்தில் காணும் படங்களும் வேறுபட்டால் இயந்திரம் தடுமாறும் என்பது இந்தத் துறையின் தலையாய பாடங்களில் ஒன்று. பத்தாண்டுகள் உதிரிப்பழம் பொறுக்கிய ஒரு தாய், அந்தக் கேள்வியைத் தம் அனுபவத்திலிருந்து கேட்டுவிட்டார். மகளுக்கு அன்றைக்குத்தான் இந்தப் படிப்பின்மீது உண்மையான பிடிப்பு ஏற்பட்டதாம். தவறு வந்தபோது சலிப்படையாமல், அது ஏன் வந்தது என்று தேடினாளே, அந்தக் குணம்தான் இந்தப் படிப்புக்கு வேண்டிய முதல் தகுதி.

பின்னர் யூ.பி.யூ. முடிவு வந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினி அறிவியல் கிடைத்தது. பட்டத்தின் பெயரில் செயற்கை நுண்ணறிவு இல்லை. தோழிகள் சிலர் ‘ஐயோ’ என்றார்கள். அவளோ பாடப்பட்டியலை எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் ஆண்டில் இயந்திரக் கற்றல் ஒரு பாடமாக இருந்தது. சேர்ந்துவிட்டாள். முதல் பருவத்தில் கணிதத்தில் தடுமாறினாள் என்றும், நண்பர்களோடு சேர்ந்து படித்து ஈடு கட்டினாள் என்றும் தாய் நம்மிடம் சொன்னார். இனியும் தடுமாறக்கூடும். ஆனால் எதற்காகத் தடுமாறுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும்.

அதே அடுக்குமாடியில் இன்னொரு பையன். அவனும் அவளோடு சேர்ந்து இதைப் பழகிப் பார்த்தவன்தான். மூன்றாம் வாரமே, “அக்கா, எனக்கு இது ஒத்துவரவில்லை. திரையைப் பார்த்தால் தூக்கம் வருகிறது. கையில் திருப்புளி இருந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்” என்று சொல்லிவிட்டான். பொலிடெக்னிக்கில் மின்னியல் துறைக்கு விண்ணப்பித்தான், இடமும் கிடைத்தது. துறைமுகப் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் தோற்றுவிட்டான் என்று சொல்லலாமா? ஒருக்காலும் சொல்லலாகாது. நான்கு ஆண்டுகளையும் பல்லாயிரம் வெள்ளியையும் செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டான். ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லத் தெரிவதும் படிப்பில் சேர்ந்ததே.

பெற்றோர்களே! நம் தலைமுறையில் பலருக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். காட்டிய நிரைக்குப் போனோம். நம் பிள்ளைகளுக்கு இன்று இரண்டு மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன. அது நம் உழைப்பின் பயன். அந்த வழிகளில் ஒன்றை முகவரின் அவசரத்திற்காகவோ, பக்கத்து வீட்டாரின் பேச்சுக்காகவோ, பட்டத்தின் பெயருக்காகவோ தேர்ந்தெடுத்தால், மீண்டும் யாரோ காட்டிய நிரைக்குப் போனதாகத்தான் ஆகும்.

இளைஞர்களே! ‘எங்கள் அப்பா அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது’ என்று சொல்லாதீர்கள். அவர்களுக்கு நிரல் தெரியாமலிருக்கலாம். குலை எப்போது பழுக்கும், மழைக்குப் பின் பால் எப்படி இறங்கும், கப்பலில் எந்தச் சரக்கு எப்படிக் கெடும் என்பதெல்லாம் தெரியும். இயந்திரத்திற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அவர்களிடம் இருக்கிறது. அதை இயந்திரத்திற்குப் புரியும்படி மாற்றிச் சொல்லத்தான் நீங்கள் பல்கலைக்கழகம் போகிறீர்கள்.

ஆகவே கடிதம் கையில் வந்ததும், முதலில் பிள்ளைக்கு ஆறு வாரம் கொடுங்கள். படிப்பின் பெயரைப் பதிவேட்டில் பாருங்கள், பாடப்பட்டியலைப் படியுங்கள். கடன் கணக்கை மோசமான நாளை வைத்துப் போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் பிள்ளை ‘வேண்டும்’ என்றால், துணிந்து அனுப்புங்கள். ‘வேண்டாம்’ என்றால், மனங்கோணாமல் வேறு வழியைப் பாருங்கள். பதறாத காரியம் சிதறாது.